கவிழ்த்த சிப்பியும் பன்னிரண்டாவது சங்கும்

அலையாத்திக் காட்டில் சங்கிலி என்று ஓர் உடும்பு இருந்தான். முன்கோபக்காரன். ஆனால் பேரத்தில் அவனை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் கிடையாது.

யாரும் அவனுக்கு எதையும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. முதல் வியாபாரத்திலேயே ஒரு முதலை அவன் வால் நுனியைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. பட்டுப் பட்டுத்தான் தொழிலைப் படித்தான். எதிராளி பத்து நண்டு கேட்டால் இவன் இரண்டு என்பான். கத்துவான். சேற்றை வாரி இறைப்பான். முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று நடப்பான். பின்னாலிருந்து கூப்பிட்டதும் நின்று, "சரி விடு, உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். பாதிக்குப் பாதி" என்பான். ஆறு நண்டில் பேரம் முடியும்.

பத்தும் இல்லை, இரண்டும் இல்லை. நடுவில் வெட்டிவிடுவது. அவன் பிழைப்பே அதில்தான் ஓடியது. கேட்டுக் கேட்டு அவன் மனைவி செவந்திக்கும் அது பழகிப்போயிற்று.

அந்தக் கோடையில் செவந்தி ஒரு கறையான் புற்றுக்குள் முட்டையிட்டிருந்தாள். வெயிலில் புற்று இறுகிக் கல்லாகிவிட்டது. அவள் தினமும் புற்றின் வாயில் முகத்தை வைத்து உள்ளே பேசுவாள். காட்டில் நடந்ததையெல்லாம் முட்டைகளுக்குச் சொல்லுவாள். அந்தக் காட்டு உடும்புகளின் வழக்கம் அது. முதல் மழையில் புற்று இளகும். குஞ்சுகள் ஓட்டை உடைக்கும். உள்ளே திசை தெரியாத இருட்டு. அம்மாவின் குரல் எந்தப் பக்கம் கேட்கிறதோ அந்தப் பக்கம்தான் அவை ஊர்ந்து வரும். குரல் கேட்காவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே புகுந்து, கதை அங்கேயே முடிந்துவிடும்.

ஒரு சாயங்காலம் சங்கிலி நண்டுகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். காட்டில் காற்றே இல்லை. சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருந்த அலையாத்தி வேர்கள் மட்டும் புஸ், புஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. செவந்தி புற்றின் ஓரம் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தக் குரங்கு பதினாலு பழம் கேட்டான், செவந்தி. நான் ரெண்டு தர்றேன்னேன். கடைசியில எத்தனைக்கு முடிச்சேன், சொல்லு பார்ப்போம்" என்றான்.

செவந்தி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"என்ன, கோபமா?"

அவள் மறுபடியும் வாயைத் திறந்தாள். நாக்கு அசைந்தது. தொண்டை ஏறி இறங்கியது. ஒன்றும் வரவில்லை.

அப்போது வேர்க்காட்டுக்கு அப்பாலிருந்து அவளுடைய குரல் கேட்டது.

"என்னங்க... வந்துட்டீங்களா?"

சங்கிலியின் செதில்கள் சிலிர்த்துக்கொண்டன. அவன் மனைவியைப் பார்த்தான். அவள் வாய் மூடியிருந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"இங்கேதான் இருக்கேங்க. வாங்க" என்று அந்தக் குரல் மறுபடி கூப்பிட்டது.

அவன் போனான். செவந்தி பின்னால் வந்தாள்.

வேர்க்காட்டைத் தாண்டி, ஒரு பெரிய பாறைக்கு அடியில், மழையும் வெயிலும் படாத ஒரு குழி இருந்தது. குழியைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நீர்நாய், ஒரு மீன்கொத்தி, ஒரு குள்ளநரி.

"என்னய்யா நடக்குது இங்கே?" என்று சங்கிலி கேட்டான்.

மூன்று வாய்களும் திறந்தன. மூன்று வாய்களும் மூடிக்கொண்டன.

பதில் குழிக்குள்ளிருந்து வந்தது. "வாப்பா, சங்கிலி" என்றது நீர்நாயின் கனத்த குரல். "உன்னைத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றது மீன்கொத்தியின் கீச்சுக் குரல். பிறகு குள்ளநரியின் சிரிப்பு ஒன்று எழுந்து பாறையில் மோதித் திரும்பியது. உண்மையான குள்ளநரி அதைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டது.

சங்கிலி எட்டிப் பார்த்தான். குழியில் தண்ணீர் இல்லை. வெறும் சேறு. குழியின் சுவரில் ஒரு வளை. அதிலிருந்து கறுத்த விலாங்கு ஒன்று தலையை நீட்டியது. அதன் தோல் முழுக்க வெந்த தழும்புகள்.

"என் பெண்டாட்டி குரல் உனக்கு எப்படி வந்தது?" என்று சங்கிலி கத்தினான்.

"கத்தாதே. சொல்றேன்" என்றது விலாங்கு. "இந்தக் குழி, விளிம்புல நான் வெச்சிருக்கிற சங்கால பன்னிரண்டு சங்குத் தண்ணி பிடிக்கும். கோடையில கசிஞ்சு வத்திப்போயிடுது. எனக்குத் தண்ணி வேணும். ஆனா எல்லாத் தண்ணியும் ஆகாது. சங்குக்கு அஞ்சு உப்புக்கல் இருக்கணும். கூடினா என் தோல் எரியும். குறைஞ்சா வயிறு இளகிடும்."

"இளகினா என்ன?"

விலாங்கு செவந்தியின் குரலுக்கு மாறிக்கொண்டது. "வயித்துக்குள்ளதானே நாங்க எல்லாரும் இருக்கோம்" என்று மெல்லச் சொன்னது.

சங்கிலி ஓர் அடி பின்வாங்கினான்.

"அந்தக் கவலை உனக்கு வேண்டாம்" என்று விலாங்கு தொடர்ந்தது. "குறைச்சு ஊத்தினவங்க இதுவரைக்கும் யாருமில்லே. உப்புப் பள்ளத்துத் தண்ணி ரொம்பக் கரிப்பு. ஓடைத் தண்ணி சப்பு. ரெண்டையும் கலந்து பன்னிரண்டு சங்கு ஊத்தணும். சரியா ஊத்தினவன் கேட்ட குரலைத் திருப்பித் தருவேன். தப்பா ஊத்தினா ஊத்தினவன் குரல் எனக்கு. இதுதான் பேச்சு."

"இவ ஏன் உங்கிட்ட வந்தா?"

"நீர்நாய் குரல்ல அழுதேன். தண்ணியில்லாமச் சாகறேன்னு சொன்னேன். இரக்கப்பட்டு ஓடி வந்தா. பள்ளத்துல ஆறு சங்கு, ஓடையில ஆறு சங்கு. என் தோல் வெந்துபோச்சு. அந்தத் தண்ணியும் கசிஞ்சு போச்சு." விலாங்கு சற்று நிறுத்தியது. பிறகு செவந்தியின் குரலிலேயே கேட்டது: "பாதிக்குப் பாதின்னு யாருகிட்டக் கத்துக்கிட்டேன், தெரியுமாங்க?"

செவந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

இருந்தாலும் பழக்கம் விடுமா?

"பன்னிரண்டு சங்கெல்லாம் முடியாது. எட்டு தர்றேன்" என்றான்.

"கொண்டுவா. கூடவே உன் குரலையும் கொடுத்துட்டுப் போ."

சங்கிலி கத்தினான். சேற்றை வாரி இறைத்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தான். பின்னாலிருந்து கூப்பிடும் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டான்.

ஒருவரும் கூப்பிடவில்லை.

அவன் நடையைக் குறைத்தான். அப்போதும் கூப்பிடவில்லை. நின்றான். அவன் வாழ்நாளில் இப்படி நடந்ததே இல்லை.

பிறகு குழிக்குள்ளிருந்து ஒரு தாலாட்டு கேட்டது. செவந்தி புற்றின் வாயில் பாடுகிற அதே தாலாட்டு. "கண்ணுங்களா, அம்மா இங்கே இருக்கேன். இங்கே வாங்க. இந்தப் பக்கம்..."

"என்ன பண்றே நீ?" சங்கிலி குழிக்குத் திரும்பி ஓடி வந்தான்.

"பழகிக்கிறேன்" என்றது விலாங்கு. "மழை வரப்போகுதே. குஞ்சுங்களை யாராவது கூப்பிட வேண்டாமா?"

மறுநாள் காலை சங்கிலி உப்புப் பள்ளத்தில் ஒரு சங்குத் தண்ணீர் மொண்டான். குழியின் விளிம்பில் விலாங்கு வைத்திருந்த அதே சங்கு. தண்ணீரைத் தட்டைப்பாறையின் ஒரு குழிவில் ஊற்றினான். அதே சங்கால் ஓடையில் மொண்டு இன்னொரு குழிவில் ஊற்றினான். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டான்.

பூங்காவனம் என்ற நாரை மேலே பறந்து போனவள் இறங்கி வந்தாள். நீளக் காலும் நீள வாயும் அவளுக்கு.

"என்ன மாமா, தண்ணியைக் காயப்போட்டிருக்கீங்க? வத்தலா போடறீங்க?"

"வாயை மூடு. சரக்கைப் பார்க்காம விலை பேசறவன் நான் இல்லை. எதுல எத்தனை உப்பு இருக்குன்னு தெரியணும்."

"அது சரி. நான் அந்தக் குழிப் பக்கமே போகமாட்டேன், சாமி. நேத்து என் காதால கேட்டேன். குள்ளநரி குழிக்கு வெளியே உட்கார்ந்திருக்கு, அது சிரிப்பு உள்ளே கேக்குது. எனக்கு ரெக்கையெல்லாம் கூசிப்போச்சு."

வெயில் ஏறியது. பாறை கொதித்தது. தண்ணீர் வற்றியது. பள்ளத்துத் தண்ணீர் காய்ந்த இடத்தில் பதினோரு உப்புக்கல் மின்னியது. ஓடைத் தண்ணீர் காய்ந்த இடத்தில் இரண்டு.

"நல்லது" என்றான் சங்கிலி. "இனி அப்படியும் இப்படியும் கலந்து, காயவெச்சு காயவெச்சுப் பார்த்தா, எந்தக் கலவையில சங்குக்கு அஞ்சு வருதுன்னு கண்டுபிடிச்சிடலாம்."

பூங்காவனம் மேற்கே கழுத்தை நீட்டினாள். "எங்கே காயவெப்பீங்க? அங்கே பாருங்க."

மேற்கே வானம் கறுத்திருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெயில் மங்கிப் போயிற்று. பாறை ஆறியது. பட்டப்பகலில் காட்டுக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு மந்தாரம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"இன்னிக்கே இறங்கிடும், மாமா" என்றாள் நாரை. "எதுக்கு மண்டையை உடைச்சுக்கிறீங்க? நாக்குல வெச்சுப் பார்த்து ஊத்துங்க."

"நீர்நாய் அப்படித்தானே ஊத்தியிருப்பான்? அவன்கிட்டப் போய்க் கேட்டுப் பாரு, என்ன ருசின்னு."

பூங்காவனம் மழைக்கு ஒதுங்க மரம் தேடிப் போனாள்.

சங்கிலி பாறைமேல் உப்புக்கற்களைப் பரப்பினான். செவந்தி எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"பன்னிரண்டு சங்கு. சங்குக்கு அஞ்சு. மொத்தம் அறுபது கல் வேணும்" என்றான். "பாதிக்குப் பாதின்னா, பள்ளத்துல ஆறு சங்கு. அறுபத்தாறு கல். ஓடையில ஆறு சங்கு. பன்னிரண்டு கல். மொத்தம் எழுபத்தெட்டு. அதனாலதான் அது தோல் வெந்திருக்கு."

செவந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

"விடு. பாதி ஒத்துவரலைன்னா, அதுல பாதி. பள்ளத்துல மூணு சங்கு. முப்பத்து மூணு. ஓடையில ஒன்பது சங்கு. பதினெட்டு. மொத்தம்..." அவன் விரல் நின்றது. "அம்பத்தொண்ணு. ஒன்பது குறையுது."

அவன் முகம் சிவந்தது. "ஒரு பக்கம் கூடுது, ஒரு பக்கம் குறையுது. நடுவுல எங்கே வெட்டறது? என்னதான் வேணும் இதுக்கு? ஒரு வாயாவது இருந்தா அதோட பேசலாம்." பாறையை ஓர் உதை விட்டான். உப்புக்கற்கள் சிதறின. "உப்பு, என்னைப் பார்த்து இறங்கி வராதா?"

உப்பு இறங்கி வரவில்லை. தூரத்தில் இடி உருண்டது. குழியிலிருந்து தாலாட்டு மறுபடி தொடங்கியது.

செவந்தி எழுந்தாள். சிதறிய கற்களைப் பொறுக்கிப் பழையபடி வைத்தாள். பிறகு ஒரு காலிச் சிப்பியை எடுத்து, பள்ளத்துத் தண்ணீர் காய்ந்த இடத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள்.

"இது என்ன?"

அவள் சிப்பியைத் தட்டினாள்.

"பள்ளத்துத் தண்ணியா? எத்தனை சங்கு? நாலா? அஞ்சா? மூணேகாலா?"

அவள் ஒவ்வொன்றுக்கும் தோளைக் குலுக்கினாள். மறுபடியும் சிப்பியைத் தட்டினாள்.

"உனக்கும் தெரியாது?"

தலையசைத்தாள்.

சங்கிலி சிப்பியை முறைத்தான். எதிராளி பேச மறுத்தால் அவன் இப்படித்தான் முறைப்பான். ஆனால் சிப்பி கவிழ்ந்தபடியே கிடந்தது. அதற்குக் கோபமும் இல்லை, பயமும் இல்லை. அவன் மூச்சு மெல்லத் தணிந்தது.

"சரி" என்றான். "தெரியாததைத் தெரியாதுன்னே வெச்சுக்குவோம். பள்ளத்துத் தண்ணி இந்தச் சிப்பிக்குள்ள எத்தனையோ அத்தனை சங்கு. அப்போ ஓடைத் தண்ணி? பன்னிரண்டுல இந்தச் சிப்பி போக மிச்சம்."

செவந்தி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல்ல பன்னிரண்டும் ஓடைத் தண்ணின்னு வை. சங்குக்கு ரெண்டு. இருபத்து நாலு கல். வேண்டியது அறுபது. குறையறது முப்பத்தாறு." அவன் கண் கூர்மையானது. இனி அவனுக்குத் தெரிந்த வேலை. "இப்போ மாத்திக்கிறேன். ஓடைத் தண்ணி ஒரு சங்கைக் கொடுத்துட்டு, பள்ளத்துத் தண்ணி ஒரு சங்கை வாங்கறேன். கொடுத்தது ரெண்டு கல். வாங்கினது பதினோரு கல். கையில கூடினது ஒன்பது. ஒவ்வொரு மாத்துக்கும் ஒன்பது. எத்தனை தடவை மாத்தினா முப்பத்தாறு வரும்?"

அவனே பதிலும் சொன்னான். "நாலு."

சிப்பியை நிமிர்த்தினான். உள்ளே ஒன்றும் இல்லைதான். ஆனாலும் இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

"சரிபார்த்துடறேன். பள்ளத்துல நாலு சங்கு, நாப்பத்து நாலு. ஓடையில எட்டு சங்கு, பதினாறு. ரெண்டும் சேர்ந்து அறுபது." சங்கிலி தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஒரு கல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எழுந்திரு."

குழியின் விளிம்பில் நின்று விலாங்கிடம் சொன்னான்: "தண்ணி கொண்டுவரேன். பேச்சு மாறக்கூடாது. பன்னிரண்டு சங்கும் விழறவரைக்கும் நீ வளைக்குள்ளதான் இருக்கணும். விழுந்ததும் அவ குரலைக் கொடுக்கணும். குஞ்சுங்களை நீ கூப்பிடக் கூடாது."

"சத்தியமா" என்றது விலாங்கு, நீர்நாயின் குரலில்.

"உன் சொந்தக் குரல்ல சொல்லு."

விலாங்கு பேசாமல் தலையை வளைக்குள் இழுத்துக்கொண்டது.

ஓடை கிட்டத்தில்தான் இருந்தது. எட்டுச் சங்கும் சீக்கிரம் விழுந்துவிட்டன. உப்புப் பள்ளம் தூரம். சங்கிலியும் செவந்தியும் சங்கை மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். நீர்நாயும் மீன்கொத்தியும் குள்ளநரியும் வழியில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். ஒன்பதாவது சங்கு விழுந்தது. பத்தாவது விழுந்தது. பதினொன்றாவது விழுந்தபோது குழி ஏறக்குறைய நிறைந்து கறுப்பாகப் பளபளத்தது. அதில் யாருடைய முகமும் தெரியவில்லை.

கடைசிச் சங்கை மொண்டுகொண்டு திரும்பும்போது முதல் துளி சங்கிலியின் மூக்கில் விழுந்தது. அடுத்த துளி. பிறகு காடு முழுக்க இலைகள் சலசலக்கத் தொடங்கின.

"கண்ணுங்களா, அம்மா இங்கே இருக்கேன்."

சங்கிலி பக்கத்தில் திரும்பினான். செவந்தி அவன் கூடத்தான் நடந்து வந்தாள். அவள் வாய் இறுக மூடியிருந்தது.

"இந்தப் பக்கம். வெளியே வாங்க. அம்மாகிட்ட வாங்க."

இருவரும் ஓடினார்கள்.

புற்று இளகி, அதன் ஓரம் சரிந்திருந்தது. ஈரமான சின்னஞ்சிறு தலைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கண்கூடச் சரியாகத் திறக்கவில்லை. எல்லாம் வரிசையாக, அந்த இனிமையான குரலை நோக்கி, பாறைக்கு அடியில் இருந்த குழிப் பக்கம் ஊர்ந்தன. செவந்தி குறுக்கே போய் விழுந்தாள். ஒன்றைத் தடுத்தாள். நான்கு அவளைச் சுற்றிக்கொண்டு போயின. ஊமையாகத் தடுக்கும் இந்தப் பெரிய உடம்பு யாரென்று அவற்றுக்குத் தெரியவில்லை. அதைக் கண்டு பயந்து இன்னும் வேகமாக ஊர்ந்தன.

குழியில் தண்ணீர் அசைந்தது. விலாங்கு பொறுக்க முடியாமல் வளையை விட்டு இறங்கி, தண்ணீருக்குள் வந்து சுருண்டிருந்தது. வாயைப் பிளந்துகொண்டு கூப்பிட்டது.

"ஏய்!" சங்கிலி விளிம்பில் போய் நின்றான். சங்கு அவன் கையில் இருந்தது. "பேச்சு மாறிட்டே நீ."

"அதான் குழி நிறைஞ்சிடுச்சே" என்றது விலாங்கு. "ஒரு சங்கு என்ன பெரிய சங்கு? அதையும் ஊத்து. குரலைத் தர்றேன். குஞ்சுங்க மட்டும் எனக்கு."

சங்கிலி அசையவில்லை.

விலாங்கு மெதுவாகப் பேசியது. செவந்தியின் குரலில், அவனுக்குப் பிடித்த தொனியில் பேசியது. "கோபப்படாதீங்க. எதுக்குச் சண்டை? உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். குஞ்சுங்கள்ல பாதி உங்களுக்கு, பாதி எனக்கு. பாதிக்குப் பாதி."

முதல் குஞ்சு குழியின் விளிம்பைத் தொட்டுவிட்டது.

சங்கிலி கத்தவில்லை. சேற்றை வாரி இறைக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கவும் இல்லை.

"உனக்குக் கணக்குத் தெரியாது" என்றான். "இந்தக் குழியில இப்போ பதினோரு சங்கு இருக்கு. அதுக்கு அம்பத்தஞ்சு கல் வேணும். இருக்கிறது நாப்பத்தொன்பது. ஆறு குறையுது. மிச்சம் எங்கிட்ட இருக்கு."

சங்கைக் கவிழ்த்தான். பன்னிரண்டாவது சங்குத் தண்ணீர் குழிக்கு வெளியே, சேற்றில் கொட்டியது.

விலாங்கின் வாய் அகலத் திறந்தது. தாலாட்டு பாதியில் அறுந்தது. அதன் வயிறு ஊறி, இளகி, ஒரு பக்கம் உப்பியது. குழி கொப்பளித்தது. முதலில் குள்ளநரியின் சிரிப்பு வெளியே வந்து, கிறுக்குப் பிடித்தாற்போலக் காட்டைச் சுற்றிவிட்டுத் தன் சொந்தக்காரனைத் தேடிப் பிடித்தது. அடுத்து மீன்கொத்தியின் கீச்சு. நீர்நாயின் கனத்த குரல். அவற்றுக்குப் பின்னால் யார் யாருடைய குரல்களோ வந்தன. வெகு காலத்துக்கு முன் செத்துப்போனவர்களின் குரல்களும் அதில் இருந்தன. போக இடம் தெரியாமல் மழையில் சற்று நேரம் நின்றன. பிறகு கரைந்தன.

செவந்தியின் குரல் கடைசியாக வந்து அவள் தொண்டையில் புகுந்தது.

"நில்லுங்க, கண்ணுங்களா! அம்மா இங்கே இருக்கேன்!"

விளிம்பில் ஒரு காலைத் தூக்கியிருந்த குஞ்சு அப்படியே நின்றது. மற்றவையும் நின்றன. எல்லாத் தலைகளும் திரும்பின. கூப்பிட்ட குரலுக்கு ஓர் உடம்பும் இருந்தது. அவை அவளிடம் ஊர்ந்து வந்து கழுத்துக்கு அடியில் புகுந்துகொண்டன.

குழிக்குள் விலாங்கு சங்கிலியைப் பார்த்து வாயைத் திறந்தது. வசை பாடத்தான் திறந்திருக்கும். ஒன்றும் வரவில்லை. அதற்கென்று ஒரு குரல் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. தொளதொளத்துப் போன உடம்பைச் சுருட்டிக்கொண்டு அது மெல்லச் சேற்றுக்குள் இறங்கியது. மேலே ஒரு குமிழி வந்து உடைந்தது. அவ்வளவுதான்.

மழை வலுத்தது. பூங்காவனம் ஒரு மரத்தடியில் ஒற்றைக் காலில் ஒதுங்கி நின்றாள். "மாமா, நான் அப்பவே நினைச்சேன், நீங்க ஜெயிச்சிடுவீங்கன்னு" என்றாள்.

"உன் நினைப்புல எத்தனை உப்பு இருக்குன்னு காயவெச்சுத்தான் பார்க்கணும்" என்றான் சங்கிலி.

செவந்தி சிரித்தாள். தன் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு அவளே ஒரு நொடி திடுக்கிட்டாள். பிறகு சொன்னாள்:

"எட்டு."

"என்ன எட்டு?"

"அந்தக் குரங்கு பதினாலு கேட்டான். நீங்க ரெண்டுன்னீங்க. எட்டுக்குத்தான் முடிச்சிருப்பீங்க."

சங்கிலி தட்டைப்பாறையில் கிடந்த அந்தக் காலிச் சிப்பியை எடுத்து வந்து புற்றின் வாசலில் கவிழ்த்து வைத்தான்.

தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, தெரிந்ததிலிருந்து படிப்படியாகக் கணக்கிடுகிறவன் அதைக் கண்டுபிடித்துவிடுவான். கணக்குப் போடாமல் நடுவில் வெட்டுகிறவன் தன் குரலைக்கூடப் பறிகொடுப்பான்.